மேட்டுக்கு ஒரு டர்போ

நான்காவது முறையாக வண்டி அதே மேட்டின் பாதியில் நின்றுபோனது.

"தப்பு உங்க மேல இல்லம்மா. இன்ஜின்ல தம் இல்ல," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தையல்கார அம்மா பேசாமல் தலையாட்டினார்.

லைசென்ஸ் தேர்வே அந்த மேட்டில்தான். அதிகாரி பின் இருக்கையில், வாத்தியார் முன் இருக்கையில். இவரிடம் படித்த ஆறு பேர் வரிசையாக அங்கே கோட்டை விட்டிருந்தார்கள். வாத்தியார் சரியில்லை என்று பேச்சு கிளம்பிவிட்டது. யார், இவரா சரியில்லை? வாத்தியாருக்கென்று தனி பிரேக் வைத்த அந்தப் பக்கத்து இருக்கையில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்து, ஒரு சுவரைக்கூட உரசாமல் கற்றுக்கொடுத்தவர்.

"வேற வண்டி வாங்குங்களேன்," என்றாள் மனைவி.

"மாட்டேன். இதே வண்டி, இதே மேடு. இந்த அம்மா பாஸாகலைன்னா ஸ்கூல் போர்டைக் கழட்டிடறேன்."

மெக்கானிக்கான மச்சினன் தலையைச் சொறிந்தான். "நான் தனியா ஓட்டினா ஏறுதே, மாமா."

"தனியா யாரு வேணா ஏத்துவாங்க. ரெண்டு பேர் உட்கார்ந்தா மூச்சு வாங்குது. டர்போ மாட்டு."

"கம்பெனில வந்த இன்ஜின் மாமா. காத்தை அமுக்கித் திணிச்சா பிஸ்டன் போயிடும். அளவாத்தான் வைப்பேன்."

"வை."

டர்போ வந்தது. வண்டி விசிலடித்துக்கொண்டு சீறியது. வாத்தியார் இருக்கையோடு ஒட்டிக்கொண்டு காலிரண்டையும் விறைப்பாக நீட்டினார். பாதி மேட்டில் இன்ஜின் டக்டக்கென்று தட்டிவிட்டு நின்றது.

"உள்ள போற காத்து சூடாயிடுது," என்றான் மச்சினன். அதைக் குளிரவைக்க முன்பக்கம் இன்டர்கூலர் வைத்தான். அது ரேடியேட்டரை மறைத்துக்கொள்ள, தண்ணீர் கொதித்தது. பெரிய ரேடியேட்டர் வைத்ததில் பேட்டரிக்கு இடமில்லாமல் அது டிக்கிக்குக் குடிபோனது. அடுத்து கிளட்ச் கருகியது. புது கிளட்ச் மிதிக்கக் கல்லு மாதிரி இருந்தது.

"நல்லவேளை, தையல் மெஷின் மிதிச்ச காலு," என்றார் வாத்தியார், அசராமல். தையல்கார அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டார்.

மச்சினனுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. "பிரேக் பேடு எப்படி மாமா மாசத்துக்கு ஒரு செட் தேயுது?"

"மேட்டுல நிக்கிற வண்டி பின்னால உருளாம யாரு பிடிக்கிறது? நான்தானே பிடிக்கிறேன்."

தேர்வு நாள் காலை. அதிகாரி வருவதற்குள் கடைசி ஒத்திகை. மனைவியும் மச்சினனும் மேட்டுக்கு மேலே நின்றார்கள். வண்டி விசிலடித்தது, சீறியது, நடுங்கியது, பாதியில் புகையோடு படுத்துவிட்டது.

மச்சினன் ஓடிவந்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர். "போர்டை நானே கழட்டட்டுமா, மாமா?"

"தொட்டே, கையை உடைப்பேன். ஒரு டர்போ பத்தல, அவ்வளவுதான். இன்னொண்ணு மாட்டு."

மச்சினன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மூன்று மாதமாக வாயே திறக்காத தையல்கார அம்மா தொண்டையைச் செருமினார்.

"சார், எல்லாப் பாடமும் புரிஞ்சுது. மேடு வந்ததும் நீங்க உங்க பக்கத்து பிரேக்கை மிதிக்கிறீங்களே, அது எதுக்குன்னு மட்டும் இன்னும் புரியல."