தார்வெல் ராஜ்யத்தின் இரண்டாம் பதிப்பு

இரண்டாம் பதிப்பை இந்த வீட்டில் யாரும் ஆடக் கூடாது என்று சக்ரபாணி சபதம் போட்ட பத்தே நாளில், அதில் நூற்றுப் பத்துப் பக்கம் அடுப்படியில் படித்து முடிந்திருந்தது. அவனுக்குத் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டுக்குள் நடப்பதைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்தவன் அவன்.

அது என்ன பதிப்பு என்று சொல்லிவிடுகிறேன். 1983-ல் அவன் மச்சான் கண்ணபிரான் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். கண்ணபிரான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஏதோ அமெரிக்கத் துறைமுகத்தில் வாங்கியது. உள்ளே இங்கிலீஷில் விதிப் புத்தகம், ஒரு தேசத்தின் வரைபடம், இருபது முகம் உள்ள பகடைகள். காய் கிடையாது, கட்டம் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ திருடனாகவோ மாறி, "குகைக்குள்ள போறேன்", "பூதத்த வெட்டுறேன்" என்பார்கள். வெட்டுப்பட்டதா என்பதைப் பகடை சொல்லும். அந்தத் தேசத்தின் பெயர் தார்வெல்.

சக்ரபாணி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். ஆறு நாள் அடுத்தவன் எத்தனை மணிக்கு வந்தான் என்று எழுதுகிற ஜென்மம். ஏழாம் நாள் தார்வெலில் கதையை நடத்துகிறவனும் அவன்தான், புத்தகத்துச் சக்கரவர்த்தி ஒட்ரானும் அவன்தான். ஏழு வருஷத்தில் பதினோரு நோட்டு எழுதினான். அய்யனார் கோவில் அருவியைப் பெயர்த்துக் கொண்டுபோய் அந்த நாட்டின் மேற்கு மலையில் வைத்தான். இந்த உலகத்தில் அவன் சொல்லி நடந்தது அந்த ஒரு தேசம்தான்.

குடிமக்கள் இரண்டு பேர். ராஜபாளையத்தில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்த அபுதாஹிர் ஒரு துறவி வீரன். கிருஷ்ணன்கோவில் காலேஜில் லேப் உதவியாளராக இருந்த ஞானதுரை ஒரு திருடன். ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார்கள். அபுதாஹிரின் குதிரை ஒரு பாழுங்கிணற்றில் விழுந்து செத்தபோது, மனுஷன் கெஞ்சாத கெஞ்சு கெஞ்சினான். சக்ரபாணி அசையவில்லை.

"மேசைல நடந்தது நடந்ததுதான். அத மாத்த எனக்கே அதிகாரம் கெடையாது" என்றான். அந்தத் தீர்ப்பில் அவனுக்கே ஒரு கிறுகிறுப்பு.

அவன் மனைவி வஞ்சுளவல்லி ஒரே ஒரு தடவை கேட்டாள். அவள் பி.ஏ. இங்கிலீஷ். இவன் பி.காமில் பாதி. விதிப் புத்தகத்தில் வார்த்தை புரியாவிட்டால் அடுப்படியைப் பார்த்துக் கத்துவான். அர்த்தம் அங்கிருந்து வரும்.

"நானும் ஆடட்டாங்க?"

"ஒனக்கு இதெல்லாம் வெளங்காதுட்டி. நீ காபியப் போடு. அதுக்குப் பகடை உருட்ட வேண்டாம்."

நண்பர்கள் சிரித்தார்கள். அவள் காபி போட்டாள். இத்தோடு விட்டானா? முதல் ஊர்ச் சத்திரத்தில் பெத்ரா என்று ஒரு சத்திரக்காரி. புத்தகத்தில் அவளுக்கு ஒரே வரிதான். சக்ரபாணி அவளுக்கு வஞ்சுளவல்லியின் குரலைக் கொடுத்தான். "வந்துட்டாவ, திங்கிறதுக்கு!" என்று அவள் மாதிரியே இழுத்துப் பேசுவான். மேசை குலுங்கும். அடுப்படிக்கும் மேசைக்கும் நடுவே ஒரு துணித் திரைதான்.

1990-ல் கண்ணபிரான் இரண்டாம் பதிப்புப் பெட்டியைத் தங்கச்சி பெயருக்கே அனுப்பிவைத்தான். அட்டையைப் பார்த்ததுமே சக்ரபாணிக்கு வயிறு எரிந்தது. தேசம் அதே தார்வெல். ஆனால் கதை இருபது வருஷம் தாண்டியிருந்தது. விதியில் துறவி வீரன் என்ற இனத்தையே எடுத்துவிட்டார்கள். சும்மா எடுத்தால் ஆடுகிறவன் அடிக்க வருவானே. அதனால் துறவிகள் எல்லாரும் ஒரே கப்பலில் ஏறிப் போனார்கள், திரும்பவில்லை என்று ஒரு கதை. இவ்வளவும் பின்னட்டையிலேயே இருந்தது. அதற்கு மேல் அவன் படிக்கவில்லை.

"எவனோ ஒருத்தன் எங்கயோ ஒக்காந்துக்கிட்டு என் நாட்ட மாத்துவானா? நடக்காது! இத இந்த வீட்ல யாரும் ஆடக் கூடாது!" என்று பெட்டியைப் பரணில் எறிந்தான். பரணில் ஏறி இறங்கத் தெரிந்தவள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

சரஸ்வதி பூஜை வந்தது. பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமி வரை தொடக் கூடாது. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். சக்ரபாணி பழைய விதிப் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டு, பதினோரு நோட்டையும் அதன்மேல் அடுக்கினான். ஆயுத பூஜையும் அன்றைக்கே என்பதால் பழைய பகடைகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தான். வஞ்சுளவல்லி புதுப் பெட்டியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, இதையும் வைக்கட்டா?"

"எது, அதா? அதெல்லாம் ஒரு புத்தகமாட்டி?"

"அப்ப வைக்க வேண்டாங்கிறிய?"

"வெளக்குக்குக் கேவலம். அங்கிட்டுத் தூக்கிப் போடு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பொறவு என்னயக் குத்தம் சொல்லப்படாது."

"சொல்ல மாட்டேன், போ."

போனாள். பூஜை முடிந்து சூடம் அணைவதற்குள் வாசலில் அபுதாஹிரும் ஞானதுரையும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மதினி சுண்டல் திங்க வரச் சொன்னாவ" என்றான் அபுதாஹிர். "லீவு நாளு பாணி. செத்த நேரம் ஆடிட்டுப் போவமே."

"புத்தகம் பூஜைல இருக்குப்பா."

"பகடைய மட்டும் எடும்."

"அதுக்கும் பொட்டு வச்சாச்சு."

"என்ன அண்ணாச்சி இது, பஸ் ஏறி வந்தமே!" என்றான் ஞானதுரை.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "புதுப் பெட்டி சும்மாதான கெடக்கு? அதத் தொடுறதுக்குத் தடையில்லையே. அது புத்தகமே இல்லன்னு உங்க அண்ணாச்சியே சொல்லிட்டாவ."

"அத யாரு படிச்சா?" என்று சிரித்தான் சக்ரபாணி.

"நான் படிச்சேன்."

வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சக்ரபாணியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் நின்றான். நாலாவது நாற்காலி அந்த வீட்டில் எப்போதும் இருந்ததில்லை. இதுவரை அவள் உட்காரவேண்டி வந்ததில்லையே.

அபுதாஹிர்தான் முதலில் பயந்தான். "மதினி, புதுசுல எங்காளே கெடையாதாம்லா? கப்பலேறிப் போய்ட்டாவளாம்?"

"கப்பல் கெளம்பின வருசம் உங்காளு எங்க இருந்தாரு?"

அபுதாஹிர் யோசித்தான். "மேக்கு மலைல. அருவிக் குகைல கால் ஒடிஞ்சு கெடந்தாரு."

"எட்டாம் நோட்டு. கால் ஒடிஞ்சவரு எப்படிக் கப்பலேறுவாரு? பக்கம் நூத்தி ஆறு பாருங்க. கப்பலேற முடியாமப் போன துறவி பழைய விதிப்படியே இருந்துக்கிடலாம்னு போட்டிருக்கு. தார்வெல்ல கடைசித் துறவி உங்காளுதான்."

அபுதாஹிருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு வருஷத்தில் சக்ரபாணி ஒரு குதிரைகூடக் கொடுக்கவில்லை. இவள் உட்கார்ந்ததும் ஒரு வம்சத்தையே கொடுத்துவிட்டாள்.

"எட்டாம் நோட்ட நீ எப்பட்டி படிச்ச?" என்றான் சக்ரபாணி.

"காபி கொதிக்கிற நேரத்துல. ஏழு வருசமாக் கொதிக்குதே."

ஆட்டம் தொடங்கியது. ஊர் எல்லை வந்ததும் ஞானதுரை பழக்கதோஷத்தில், "சத்திரத்துக்குப் போறேன். பெத்ரா இருக்காளா?" என்று இளித்தான். யாருடைய குரலைத் தேடுகிறோம் என்று புரிந்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"சத்திரம் இருக்கு. பெத்ரா இல்ல" என்றாள் வஞ்சுளவல்லி. "அவ இப்ப அந்தச் சீமைக்கே அதிகாரி. சக்கரவர்த்தி ஒட்ரான் அரண்மனப் பின்கட்டுல ஒரு ரூம்ல இருக்காரு. ரெண்டு வேளக் கஞ்சி."

"இது நீயா அடிச்சு விடுற கத!" சக்ரபாணி புத்தகத்தைப் பிடுங்கினான். பக்கம் நாற்பத்தொன்று. ஒட்ரானின் பெயருக்குப் பக்கத்தில் தெரியாத ஒரு வார்த்தை. ஏழு வருஷப் பழக்கம். வாய் தானாகக் கேட்டுவிட்டது. "இதுக்கு என்னட்டி அர்த்தம்?"

"முடி துறந்தான்னு அர்த்தங்க."

நண்பர்கள் இரண்டு பேரும் சிரிக்காமலிருக்கப் பட்ட பாட்டைச் சக்ரபாணி பார்த்தான். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். வஞ்சுளவல்லிக்கு மட்டும் சிரிப்பே வரவில்லை.

"நான் எதையும் மாத்தலங்க, அச்சுல இருக்கு. பெத்ரா கொரல்ல நீங்க பேசினப்பல்லாம் இவங்க சிரிச்சாங்க. நான் ஒரு நாளும் சிரிக்கல. அவ என்ன ஆனான்னு தெரிஞ்சுக்கத்தான் பரண்ல ஏறினேன்."

நல்ல மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். இவன், நாளைக்குக் காலையில் புத்தகம் எடுக்கிற நேரம் எத்தனை மணி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

விஜயதசமி. குளித்து, நாமம் போட்டு, பதினோரு நோட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு மேசைக்கு வந்தான். நண்பர்கள் அவனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியில் வஞ்சுளவல்லி.

"நேத்து நடந்தது கணக்கில்ல. இன்னைலேர்ந்து பழைய எடிஷன்தான். எந்திரி" என்றான்.

அபுதாஹிர் பொரியை மென்று விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னான். "மேசைல நடந்தது நடந்ததுதான் பாணி. அத மாத்த ஒமக்கே அதிகாரம் கெடையாது. எங் குதிரைக்கு நீரு சொன்னதுதான்."

சக்ரபாணி ஞானதுரையைப் பார்த்தான். ஞானதுரை பகடையைப் பார்த்தான்.

வீட்டுக்கு வெளியே போய்விடலாம். போனால், சுவருக்கு அந்தப் பக்கம் தார்வெல் அவன் இல்லாமலே நடக்கும். நோட்டுகளைத் தரையில் வைத்து, அவற்றின் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தான்.

"சரி. எனக்கும் ஒரு ஆளு குடு" என்றான், யாரையும் பார்க்காமல்.

"உருட்டுங்க."

உருட்டினான். பலம் ஆறு, சாமர்த்தியம் அஞ்சு, புத்தி மூணு. புது விதிப்படி இரண்டாம் முறை உருட்ட முடியாது. பழைய விதிப்படி முடியும். அது அவனுக்கு மனப்பாடமாகத் தெரியும்.

வஞ்சுளவல்லி அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஏழு வருஷமாகப் பெத்ராவுக்கு அவன் பேசிவந்த அதே குரலில், அது அவளுடைய சொந்தக் குரல்தான், பேசினாள்.

"இந்தப் புத்திக்கு வாளெல்லாம் தர முடியாது. சத்திரத்துல வேலைக்கு ஆள் இல்ல. இரும். வந்திருக்கவங்களுக்கு முதல்ல காபி கொண்டாரும்."

சக்ரபாணி பகடையைக் கையில் எடுத்தான். "எத்தனைக்கு மேல விழணும்?"

"கீழ வைங்க. காபிக்கு எந்த எடிஷன்லயும் உருட்ட வேண்டாம். பால் அடுப்புல இருக்கு."