ரெட்டைக்கோட்டாரும் கேட்காத முட்டையும்

ஒரு கேள்விக்கு ஆமாம், இல்லை என்று இரண்டே பதில்தான் என நம்பி நிம்மதியாக இருந்த கண்டி மாநகரத்தை, மூன்றாவதாக ஒன்று உண்டு என்று சொல்லிக் கலங்கடித்த மனிதர் எங்கள் ரெட்டைக்கோட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். யுத்த காலத்தில் எங்கள் சின்னக் கம்ப்யூட்டர் ஆபிஸில் ஜன்னலோரக் கதிரை அவருடையது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். யார் கண்டது!

ஆபிஸுக்குக் கீழே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா, அவர்தான் முதல் பலி. தேத்தண்ணியோடு மாடிக்கு வந்து, "சீனி போடவா தம்பி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார், பாவம்.

"போடு எண்டா போடுவியள். வேண்டாம் எண்டா விடுவியள். நான் ஒண்டுமே சொல்லாட்டி?"

"சொல்லுங்களேன் தம்பி, தேத்தண்ணி ஆறுது!"

"அதைத்தான் கேக்கிறன் நானா. வாய் திறக்காதவனுக்கு என்ன ஏற்பாடு?"

நானா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

இது கிறுக்கல்ல, தொழில். எங்கள் புரோகிராம் மருந்தகங்களுக்கானது. எந்த மருந்து, எத்தனை வேளை என்று நோயாளிக்குச் சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். ஊருக்கு ஒரு விதமான கம்ப்யூட்டர் என்பதால், எங்கள் பொடியன்கள் அங்கங்கே போய்த்தான் அந்தந்தக் கம்ப்யூட்டருக்கு ஏற்ப அதைக் கட்டியெடுக்க வேண்டும். முதலில் ஸ்கிரிப்ட் என்ற கட்டளைக் கோப்பு ஒன்றை ஓட்டுவார்கள். அதன் பக்கத்தில் இரண்டு சிறுகோடு இழுத்து, "வித்" போட்டால் அந்த வசதி வேண்டும், "வித்தவுட்" போட்டால் வேண்டாம். தட்டியதைப் புரிந்துகொண்டு அதன்படி நடக்கவைக்கும் குட்டிக் கட்டளைகளை, மேக்ரோக்களை, எழுதுவது நாங்கள் அண்ணர் என்று கூப்பிடும் ரெட்டைக்கோட்டார். தட்டாமலே விட்டால் என்ன நடக்கும் என்பதையும் அவர்தான் எழுதவேண்டும். அவருக்குத் தூக்கம் போனது அந்த இடத்தில்தான்.

இரண்டு கோடு அவர் கையோடும் பெயரோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நானாவுக்கு அனுப்பும் துண்டிலும் நாள் தவறாமல் அதேதான்: --வித்-பருப்பு, --வித்தவுட்-கருவாடு. அதுவும் ஆங்கிலத்தில்!

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, ஒருநாள் சோதனைச்சாவடியில் அவருடைய சட்டைப்பையில் அன்றைக்கு அனுப்ப எழுதி வைத்திருந்த துண்டு அகப்பட்டது. யாழ்ப்பாணத்து அடையாள அட்டை, கூடவே கோடு கோடாக ஒரு காகிதம். கேட்கவா வேண்டும்? பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சிங்களத்தில் கேள்வி மேல் கேள்வி. அண்ணருக்குச் சிங்களம் வராது, பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்ததை எல்லாவற்றுக்கும் "ஓம்", அதாவது ஆமாம், என்று எழுதிக்கொண்டார்கள்.

செய்தி கேட்டு நான் ஓடியது நானாவிடம்தான். அண்ணருக்கு வழக்கம்போலக் கட்டி வைத்திருந்த சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தார். சார்ஜன்ட் முன்னால் அதை மேசையில் பிரித்து, அங்கே கிடந்த துண்டையும் பக்கத்தில் வைத்து, சிங்களத்தில் விளக்கினார். பருப்பு இருந்தது. கருவாடு இல்லை. சார்ஜன்ட் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், சோற்றைக் கிளறியதும் நிமிர்ந்தார். உள்ளே ஒரு முட்டை! துண்டில் முட்டையைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லையே?

நானா அசராமல் ஏதோ சொன்னார்; சார்ஜன்ட் சிரித்துவிட்டு அண்ணரை விட்டுவிட்டார். அங்கே சிங்களத்தில் சொன்னதை வெளியே வந்து எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "வேணாமுண்டு சொன்னாத்தான் நான் முட்டய எடுக்கிற. ஒண்டும் சொல்லாட்டி வெப்பன். பசியில இரிக்கிறவன் எல்லாத்தயும் வாயத் தொறந்து கேப்பானா?"

அண்ணர் நடுவீதியில் நின்றுவிட்டார். "இதைத்தான் நானா, இவ்வளவு நாளாத் தேடிக்கொண்டிருந்தனான்!" என்று நானாவைக் கட்டிப்பிடித்தார். பார்சல் நசுங்கியது.

அடுத்த கிழமை ஆபிஸில் தமிழ்ச் சீட்டுப் பிரச்சினை வெடித்தது. எங்கள் மெனேஜர் கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலைக்காரர், தமிழர், நல்லவர். பயம் மட்டும் கொஞ்சம் கூட. "காலம் சரியில்ல. சீட்டு சிங்களத்திலயும் இங்கிலீசுலயும் வரட்டும். தமிழ் வேணும்னு கேக்குற எடத்துல மட்டும் வித்-தமிழ்னு தட்டிக்கட்டும்."

எனக்கு உடனே ஊர் ஞாபகம் வந்தது. என் அம்மா புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். தமிழ் மட்டுந்தான் வாசிப்பாள். மருந்துச் சீட்டை பஸ் கண்டக்டரிடம் காட்டிக் கேட்டு, குடிக்கிற தித்திப்பு இருமல் பாணியை முழங்காலில் தடவி, இரவெல்லாம் எறும்புக்கு விருந்து வைத்தவள். இன்னொரு நாள் தடவுகிற எண்ணெயைக் குடித்துவைத்தால்? தமிழில் தாருங்கள் என்று கேட்பாளா என்றால், மாட்டாள். "கேட்டா ஏசுவாங்க" என்பாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருக்கும் எங்கள் பொடியன்களும் ஒரு எழுத்து கூடத் தட்டமாட்டார்கள்.

"அண்ணே, ஏதாச்சும் சொல்லுங்களேன்!" என்றேன். அண்ணர் வாயே திறக்கவில்லை. மெனேஜர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அண்ணரோடு பேசவில்லை.

புரோகிராம் மருந்தகங்களுக்குப் போனது. போன இடமெல்லாம் சீட்டில் தமிழ்!

மெனேஜர் குதித்தார். "நான் சொன்னப்போ பேசாமத்தானே இருந்தீங்க?"

"ஓம் சேர், பேசாமல்தான் இருந்தனான். ஓம் எண்டு சொல்லேல்லையே. வேண்டாம் எண்டு தட்டினாத்தான் தமிழ் போகும். தட்டாட்டி இருக்கும்."

"அப்போ நானே தட்டுறேன்!" மெனேஜர் உட்கார்ந்து, வித்தவுட்-தமிழ் என்று தட்டினார். ஸ்கிரிப்ட் பாதியில் நின்றது. தமிழை எடுப்பதற்குக் காரணத்தையும் தட்டவும், வித்-காரணம், என்று திரையில் ஒரு வரி. அந்த மேக்ரோவையும் அண்ணர் எழுதி வைத்திருக்கிறார்!

மெனேஜரின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலேயே நின்றன. பிரிண்டர் என்று எழுதலாம், காகிதச் செலவு என்று எழுதலாம். எதையும் எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, இருக்கட்டும்" என்று சொல்லி எழுந்துபோனார். அன்றைக்கு அந்த ஆபிஸில் வேலை செய்வதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. சண்டையை மறந்து அண்ணருக்கு நானே தேத்தண்ணி வாங்கிக்கொண்டு போனேன். ஒன்றும் கேட்கவில்லை, சீனி போட்டுத்தான்.

அந்த மாதம் ஊருக்குப் போனபோது அம்மா வாசலிலேயே சீட்டும் கையுமாக நின்றாள். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பொறவு" என்று விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி ஒரு முகம்.

"கேட்டு வாங்குனியாம்மா?" என்றேன்.

"நான் எங்க கேட்டேன்? வாயே தொறக்கல. அவுங்களாத்தான் குடுத்தாங்க. யாரோ புண்ணியவான், நம்மள நெனச்சி வச்சிருக்கான்."

பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். ரெட்டைக்கோடு என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "எங்க அண்ணன்மா" என்றேன்.