கழுத்துக்கு மேலே கறையான்

இனி எந்தக் கமராவுக்கு முன்னாலும் நிற்பதில்லை என்று நான் சத்தியம் பண்ணியது, புது மலசலகூடத்தின் கதவைப் பிடித்தபடி சிரித்த அன்றைக்கு.

அதைக் கட்டித் தந்த தொண்டு நிறுவனக்காரர் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன். மீள்குடியேறிப் பாப்பாமோட்டைக்கு வந்த நாளிலிருந்து அதுதான் என் தொழில். வயலெல்லாம் அதற்குப் பிறகு. கூரைத் தகரம் தந்தார்கள், படம். மண்வெட்டி தந்தார்கள், படம். ஆமிக்காரர் ஒன்றும் தரவில்லை. அதற்கும் படம், நெஞ்சுக்கு நேரே இலக்கப் பலகையோடு.

"இந்தத் தனஞ்சயனை இனி ஆரும் படம் பிடிக்கேலாது!" என்று வீட்டுக்கு வந்து அறிவித்தேன்.

"ஓம், ஓம். கையைக் கழுவிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ," என்றாள் என் மனைவி சுபத்திரா.

சத்தியம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கனடாவில் இருக்கிற மச்சான், சுபத்திராவின் தம்பி, கெடுத்தான். அங்கே பழைய படம் ஒன்றைக் கொடுத்தால் போர்வையாக நெய்து தருவார்களாம். அச்சடிப்பதில்லையாம். நூலிலேயே மூக்கும் முழியும் வருமாம். அக்காவின் கலியாணப் படத்தை அனுப்பச் சொன்னான்.

எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு கலியாணப் படம். இடம்பெயர்ந்த இடமெல்லாம் சுபத்திரா அதை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாள். ஷெல்லுக்குத் தப்பியது. மழைக்குத் தப்பியது. சொந்த வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டிய பிறகு கறையான் தின்றது. அதுவும் ஆள் பார்த்துத் தின்றது. சுபத்திராவின் கூறைச் சேலைக் கரையைக்கூடத் தொடவில்லை. மாலை வரைக்கும் நான் இருந்தேன். அதற்கு மேலே ஓட்டை.

"விடத்தல்தீவுப் படக்கடை றஸ்னா வேறை படத்தில இருந்து முகத்தை எடுத்து ஓட்டையில வைச்சுத் தருவாளாம். ஒருக்கா வாங்கோவன், ஒரே ஒரு படம்."

"ஏலாது."

"சிரிக்கத் தேவையில்லை."

"ஏலாது எண்டால் ஏலாது. இந்த வெக்கைக்குப் போர்வை ஆருக்கு? மாட்டுக்கோ?"

"சுவரில மாட்டினதைத்தானே கறையான் திண்டது? போர்வையெண்டால் நெடுக உதறி மடிப்பன். இனி ஒருக்கா ஓட வேண்டி வந்தாலும் போர்த்துக்கொண்டே ஓடலாம்."

நான் அசையவில்லை. அவளும் அழவில்லை. "சரி, விடுங்கோ," என்றாள்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. 'சரி, விடுங்கோ' என்று சொல்லி சுபத்திரா எதையாவது விட்டதாக எங்கள் கலியாணத்தில் சரித்திரமே இல்லை.

அன்றிலிருந்து துப்பறியத் தொடங்கினேன். போன் அடித்தால் கிணற்றடிக்குப் போனாள். நான் வைக்கோற்போருக்குப் பின்னால் போனேன். 'மீசை' என்று ஒரு சொல் விழுந்தது. பிறகு 'வடிவான முகம்'. என்னைப் பற்றி இல்லை என்று உடனே விளங்கிவிட்டது. மேலெல்லாம் வைக்கோல் கடியோடு நான் உள்ளே வர, அவள் வெங்காயம் உரித்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்தாள். வெங்காயம் உரிக்கிறவள் பாடுவாளா?

அடுத்த நாள் வேலியடியில் கையும் மெய்யுமாகப் பிடித்தேன். அந்தப் பக்கம் அயல் வீட்டுப் பார்த்தீபன். அவனுக்குத் தலைமயிர் முழுக்க இருக்கிறது. ஒருவனைச் சந்தேகிக்க அதுவே போதும். அதோடு படமென்றால் உயிரை விடுவான். ஊரில் எவனுக்குக் கிணறு கட்டிக் கொடுத்தாலும் படத்தில் முதலாவதாக நிற்பது அவன்தான்.

"அண்ணை, உங்களிட்ட வடிவான படம் ஒண்டு கிடக்கோ?"

"எத்தினை வேணும், தங்கச்சி? என்னத்துக்கு?"

"ஒரு முகம் குறையுது."

அவன் உள்ளே ஓடிய வேகத்தில் நான் மறைவிலிருந்து வெளியே வந்தேன்.

"பார்த்தீபன்ர முகம் உனக்கென்னத்துக்கு?"

"நூலில நெய்தால் ஆளை அவ்வளவு தெரியாதாம். கொஞ்சம் தள்ளி நிண்டு பாத்தால் நீங்கள் மாதிரித்தான் இருக்கும்."

"கிட்ட நிண்டு பாத்தால்?"

"கிட்டப் போகாதேங்கோ."

"அந்தப் போர்வையை நான் போர்த்துப் படுக்கவோ?"

"நீங்கள்தானே வெக்கை எண்டனீங்கள்?"

இரவு முழுக்க யோசித்தேன். தோள் என்னுடையது. மாலை என்னுடையது. தாலி கட்டிய கை என்னுடையது. தலை பார்த்தீபனுடையது! நாளைக்கு என் பிள்ளைகள் போர்வையை விரித்து அவனுடைய மூக்கைத் தொட்டு 'அப்பா' என்பார்கள்.

விடிந்ததும் புறப்பட்டேன். தேய்த்த வெள்ளைச் சட்டை ஒன்று கதிரையில் கிடந்தது. சண்டைக்குப் போகிறவன் கசங்கிப்போய்ப் போகக்கூடாது. போட்டேன். சைக்கிளை மிதித்தேன்.

றஸ்னாவின் படக்கடையில் சுவருக்கு வெள்ளைத் துணி கட்டி, அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல் வைத்திருந்தது. நான் பிறேக்கும் பிடிக்காமல் கத்தினேன்.

"தங்கச்சி! என்ர கழுத்தில பார்த்தீபன்ர தலையை வைக்கப்படாது!"

"அப்ப ஆரின்ர தலையை வைக்கிற, அண்ணை?"

"என்ர தலையை! இப்பவே எடு படத்தை!"

"இருங்கோ. நாடியை நிமித்துங்கோ. முறைக்காதேங்கோ அண்ணை, இது கலியாணப் படம்."

சிரித்தேன். கடைவாய்ப்பல் வரைக்கும் சிரித்தேன். "இன்னொண்டு எடு," என்று நானே கேட்டேன். பக்கவாட்டில் ஒன்றும் எடுத்தோம்.

பார்த்தீபனை வென்றுவிட்டேன். சுபத்திராவையும் வென்றுவிட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழும்பினேன்.

"பார்த்தீபன்ர படம் வந்திருந்தால் கிழிச்சு எறி, தங்கச்சி."

"அப்பிடி ஒரு படமும் வரேல்லையே," என்றாள் றஸ்னா, கமராவை மூடிக்கொண்டு. "அதுசரி, என்ன அண்ணை இண்டைக்கே வந்திட்டீங்கள்? சுபத்திரா அக்கா நாளைக்குத்தான் வருவீங்கள் எண்டவா."