பாதி முகம் போதும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் கார் செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், காருக்கு டயர் செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், போன் செய்கிறவர்களையும் போனுக்குள் போகும் கண்ணுக்கே தெரியாத திருகாணியைச் செய்கிறவர்களையும் கம்பெனி பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் கோலத்தில் பார்த்திருப்பீர்கள். மனிதனையே செய்கிறவனைப் பார்த்ததுண்டா? இருக்கிறான். தெருவுக்கு ஒருவனாவது இருக்கிறான். வயது பதினேழு பக்கம். மீசை வருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் மூக்கும் முழியுமாக மனித உருவங்களைச் செய்யத் தனக்குத்தானே கற்றுக்கொண்டிருக்கும் இந்த இனத்துக்கு யாரும் பெயர் வைக்காததால், வீட்டுப் பிரம்மா என்று நாமே வைத்துக்கொள்வோம்.

அடையாளம் காண்பது சுலபம். பேசும்போது உங்கள் கண்ணைப் பார்க்க மாட்டான், காதைப் பார்ப்பான். காதின் மடிப்புகள் அவனைப் படுத்தும் பாடு அவனுக்குத்தான் தெரியும். டீக்கடையில் பக்கத்தில் நின்று உங்கள் காதையே வெறித்துவிட்டு, "உங்க காது செம்ம கஷ்டமா கீதுண்ணா" என்பான். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் அகராதியில் அது பாராட்டு.

குருகுலம் யூடியூபில். கடல் தாண்டி எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவதால், வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுத்தான் பாடம் கேட்பான். பாதி வேகத்தில் பேசினால் எப்பேர்ப்பட்ட மேதையின் குரலும் எப்படி இருக்கும்? அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள்: "யார்ரா அவன், காலைலயே ஊத்திகினு பேசறான்?"

பயிற்சிக்கு ஆள் வேண்டுமே. வீட்டில் இருப்பவர்கள் எதற்கு இருக்கிறார்கள்? உருவம் செய்ய வேண்டுமென்றால் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி விறைப்பாக நிற்க வேண்டுமாம். மூன்றாம் ஷிப்ட் முடிந்து, சாப்பாட்டுப் பையைக்கூட இறக்கி வைக்காத அப்பாவை வாசலிலேயே மடக்கி, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அப்படியே நிற்க வைத்துப் படம் எடுப்பான். தெருவில் போகிறவர் ஒருவர் நின்று பார்த்து, "இன்னா சீனு, வூட்ல பனிஷ்மென்ட்டா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இவ்வளவு பாடுபட்டும் அவன் செய்த உருவம் எதற்காவது கைவிரல் உண்டா? தேடிப் பாருங்கள். வீரன் கையைப் பின்னால் கட்டியிருப்பான். முனிவர் போர்வைக்குள் வைத்திருப்பார். அரக்கன் பாக்கெட்டில் விட்டிருப்பான். அரக்கனுக்கு ஏதடா பாக்கெட் என்று கேட்டால், "அது கேரக்டர் டிசைன், உங்களுக்குப் புரியாது" என்பான். விரல் வரவில்லை. அதைத்தான் அவ்வளவு நாகரிகமாகச் சொல்கிறான்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது அவனுடைய தொழில் தந்திரம். முழு மனிதனை அவன் செய்வதே கிடையாது. பாதி மனிதனைத்தான் செய்வான். ஒரு கண், ஒரு காது, பாதி மூக்கு, பாதி வாய், ஒரு தோள் என்று ஒரு பக்கத்தை மட்டும் முடித்துவிட்டு, கண்ணாடி என்றொரு வசதியைத் தட்டுவான். இந்தப் பக்கம் இருப்பதை அப்படியே அந்தப் பக்கத்துக்கும் கம்ப்யூட்டர் ஒட்டிக்கொடுத்துவிடும். பாதி வேலை மிச்சம். நிஜப் பிரம்மாவுக்கு இந்த யோசனை வரவில்லை; ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு பக்கமும் தனித்தனியாக மெனக்கெட்டிருக்கிறார், பாவம்.

இந்த இனத்தில் சுத்தமான ரகம் வேண்டுமென்றால் வடக்குப்பட்டுக்குப் போய்ப் பிரசாந்தைப் பாருங்கள். அவனுடைய அக்கா வினோதினி, வல்லம் வடகாலில் போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும், இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தென்காசிப் பக்கத்துப் பேச்சிராஜுக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. இந்தக் காலத்தில் பத்திரிகையைக் காகிதத்தில் அடித்தால் மட்டும் ஆயிற்றா? பெண்ணும் மாப்பிள்ளையும் பொம்மையாக வந்து, தலையைச் சாய்த்துக் கும்பிட்டு, அவசியம் வந்துவிடுங்கள் என்று கூப்பிடும் வாட்ஸ்அப் வீடியோ வேண்டாமா? அதற்கென்றே ஸ்டூடியோக்களில் ஒரு ஜோடி வைத்திருக்கிறார்கள். ஊரில் நடக்கிற கல்யாணம் அத்தனைக்கும் அந்த ஜோடிதான் கும்பிடுகிறது. பெயர் மட்டும் மாறும்.

வினோதினிக்கு அது பிடிக்கவில்லை. "என் கல்யாணத்துல எவளோ ஒருத்தி மூஞ்சி எதுக்கு? என் தம்பி என்னையே செய்வான்" என்று வேலை செய்யும் லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். அதோடு விட்டாளா? மாமியாராகப் போகிற சந்திரம்மாளிடமும் சொல்லிவிட்டாள். சந்திரம்மாள் கறாரான மனுஷி. வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் வீடியோ வந்தால் சரி, வராவிட்டால் எங்கள் ஊர் ஸ்டூடியோ ஜோடியைத்தான் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவேன் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். ஆக, வினோதினியின் மானம் இப்போது தம்பி கையில். விரல் செய்யத் தெரியாத தம்பி கையில்!

வெள்ளிக்கிழமை காலை, எல்லாம் முடிந்தது என்று பிரசாந்த் தன் அம்மா கன்னியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். கும்பிட வேண்டியிருந்ததால் விரல்களும் ஒருவழியாக வந்திருந்தன, வெண்டைக்காய்த் தடிமனில். கன்னியம்மா கிட்டே வந்து பார்த்தாள். பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாடா இது, ரெண்டு பக்கமும் மூக்குத்தி?"

கண்ணாடி செய்த வேலை. பழைய போட்டோவைப் பார்த்து ஒரு பக்கம் மூக்குத்தி வைத்திருந்தான். மறுபக்கமும் அது தானாக முளைத்திருந்தது.

"அது ஒன்னுமில்லம்மா, ஒன்ன எடுத்துர்றேன்" என்றவன், மவுஸில் கை வைத்தபடி அப்படியே நின்றான். "எந்தப் பக்கம்மா எடுக்கறது?"

"பொறந்ததுலேர்ந்து ஒரே வூட்ல கீற. நீயே சொல்லேன்."

"சொல்லும்மா, நேரமாவுது."

கன்னியம்மா சொல்வதாக இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் பாயில் படுத்த அப்பா சீனிவாசன், கண்ணைத் திறக்காமலே, "பீச்சாங்கைப் பக்கம்டா" என்று சூப்பர்வைசர் தோரணையில் அறிவித்துவிட்டுப் புரண்டு படுத்தார். அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று.

போனில் இருந்த படங்களைப் புரட்டினான். பாதிப் படத்தில் இடது மூக்கில் மின்னியது, பாதிப் படத்தில் வலது மூக்கில். செல்பி எடுத்தால் சில போன் முகத்தைத் திருப்பிப் போடும், சில போன் போடாது. எதை நம்புவது? அக்காவுக்கே போன் போட்டான். அது வேலை நேரம் முழுக்கக் கம்பெனி வாசல் லாக்கரில் கிடக்கும் போன். மணி மட்டும் அடித்து ஓய்ந்தது. அக்காவின் முகத்தை மாசக்கணக்கில் பெரிதாக்கிப் பார்த்த பையன், அக்காவின் முகத்தைப் பார்க்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனான்.

மத்தியானம், முதல் ஷிப்ட் முடித்தவர்களின் பஸ் வந்து நின்றது. வினோதினி இறங்கினாள்.

"அனுப்பிட்டியாடா? பஸ் பூரா அதான் பேச்சு. சாயங்காலம் எல்லாரும் பாக்கணும்னு கீறாளுங்க."

பிரசாந்த் அவள் மூக்கையே பார்த்தான். இடது பக்கம் ஒன்றும் இல்லை. வலது பக்கமும் ஒன்றும் இல்லை.

"மூக்குத்தி எங்கக்கா?"

"லைன்ல மெட்டல் ஆவாதுன்னு தை மாசமே கயட்டிட்டேன். ஓட்டை கூடத் தூந்துபோச்சு." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். "ஏன்டா, இன்னிக்குத்தான் பாக்கறியா? தெனம் உன் எதுர்ல குந்திதானே சோறு துன்றேன்?"

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. பிரசாந்துக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போயிற்று. வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு புருவம் மற்றதைவிடச் சற்று மேலே இருந்தது. சிரித்தால் வாய் ஒரு பக்கமாகத்தான் போயிற்று. இதெல்லாம் எப்போதிலிருந்து இப்படி?

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை அணைத்துவிட்டு, அக்காவை எதிரில் உட்கார வைத்து, மறுபாதி முகத்தை முதல்முறையாகக் கையால் செய்தான். மூக்குத்திகள் இரண்டும் போயின. வீடியோ தயாராகும் வரைக்கும் மின்சாரம் தாங்க வேண்டுமே என்று மிக்ஸி போடக் கூடாது, கிரைண்டர் போடக் கூடாது என்று வீட்டில் ஊரடங்கு. அப்பாவின் மின்விசிறிகூட நின்றது. அவர் புழுக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, "பீச்சாங்கைப் பக்கம்தான?" என்று கேட்டார். கன்னியம்மா மறுபடியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் வீடியோ போயிற்று. கொஞ்ச நேரத்தில் தென்காசிப் பக்கமிருந்து சந்திரம்மாளின் அழைப்பு. வினோதினி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏ புள்ள, நேர்ல பாத்த மாதிரியே இருக்கியே! அந்தச் சிரிப்பு அப்படியே வந்துட்டு. நான் இதையே எல்லாருக்கும் அனுப்பிட்டேன்."

வினோதினிக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பியின் தலையில் செல்லமாக ஒன்று வைத்தாள். அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதற்குள் போனில் குரல் தொடர்ந்தது.

"தம்பி பக்கத்துல இருக்கானா? ஏய்யா, எம்மவன் சின்னதுல கெணத்துல குதிச்சு எடது புருவத்துலதான வெட்டு வாங்குனான்? வலது புருவத்த யாருய்யா வெட்டுனது?"

மாப்பிள்ளையின் முகத்தில் கண்ணாடியை அணைக்க அவனுக்குத் தோன்றவே இல்லை. இந்த இனம் அப்படித்தான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இப்போது இந்தப் பக்கத்திலிருந்து தலையைத் தூக்காமல் எனக்கொரு பதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் தினமும் உங்களுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு மச்சம் எந்தக் கன்னத்தில்? நிமிர்ந்து பார்ப்பது ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. இடது என்கிறீர்களா? அவருக்கு இடதா, உங்களுக்கு இடதா? சரி, அதுகூட வேண்டாம். மச்சம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறதா?