மீதி மைனஸ் நான்கு

தவறு செய்துவிட்டேன் என்று தெரிந்த பிறகுதான் என் குரல் இன்னும் கணீரென்று ஒலிக்கும். இது ஒரு வியாதி என்பார் என் கணவர். அது அவருக்கு முதன்முதலில் தெரியவந்தது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று.

ஏரியூரில் எங்கள் வீட்டுக்கு அவரும் அவருடைய அப்பாவும் அக்காவும் அக்கா மகள் சந்தியாவும் வந்திருந்தார்கள். அவருக்குப் பென்னாகரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. நான் அப்போதுதான் பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்திருந்தேன். (யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்வேன்.)

காபி குடித்ததும் அக்கா சொன்னார்: "பொண்ணு கணக்கு டீச்சருங்களாமே. இவளுக்கு நாளைக்குப் பரீச்சை. ஒரு கணக்கு வரமாட்டேங்குதுன்னு அழுதுட்டே வந்தா. கொஞ்சம் சொல்லிக் குடும்மா."

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. x³ – 7x + 6 என்பதை x – 2 ஆல் வகுக்க வேண்டும். சந்தியா நீள் வகுத்தலில் அரைப் பக்கம் எழுதி அடித்து வைத்திருந்தாள்.

"இதுக்கு இவ்ளோ தூரம் சுத்துவாங்களா கண்ணு? தொகுமுறை வகுத்தல்ல ரெண்டே வரி" என்று பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தேன். கெழுக்களை வரிசையாக எழுதினேன்: 1, –7, 6. (இப்போதே சிரிப்பவர்கள் கணக்கில் தேறியவர்கள். மற்றவர்கள் பொறுக்கவும்.) பெருக்கிக் கூட்டினேன். மீதி –4.

சந்தியா புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். "இதுல மீதி ஜீரோன்னு போட்டிருக்குதுங்க டீச்சர்."

கணக்கை நான் மறுபடி பார்த்திருக்கலாம். "புத்தகத்துல தப்பா அச்சடிச்சிருக்காங்க" என்றேன்.

"இப்பெல்லாம் எவன் ஒழுங்கா அச்சடிக்கறான்" என்று அவருடைய அப்பா என் பக்கம் சேர்ந்தார். என் அப்பாவும் தலையாட்டினார்.

அவர் மட்டும் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எக்ஸுக்கு ரெண்டு போட்டா, எட்டுல பதினாலு போயி மைனஸ் ஆறு. ஆறைக் கூட்டினா ஜீரோதானுங்களே வருது?"

எனக்குக் காது சூடானது. கணக்கில் x² இல்லை. இல்லாத உறுப்புக்கு ஒரு பூஜ்ஜியம் எழுதியிருக்க வேண்டும்: 1, 0, –7, 6. அதை விட்டதால் எல்லாமே ஓரிடம் தள்ளிப்போயிருந்தது. புரிந்ததும் என்ன செய்தேன்?

"அது வேற முறைங்க. முறை மாறினா மீதியும் மாறும்" என்றேன், கணீரென்று.

அவர் குனிந்து காபி டம்ளரைப் பார்த்தார். தோள்கள் லேசாகக் குலுங்கின. சந்தியாவோ "புரிஞ்சிருச்சுங்க டீச்சர்" என்று நோட்டை மூடினாள்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல நினைத்தேன். அதற்குள் கார் கிளம்பிவிட்டது. (கார் கிளம்பும்வரை நான் உள்ளறையில் ஒளிந்திருந்தேன் என்பதே சரி.)

மறுநாள் பரீட்சையில் அதே கணக்கு வந்தது, ஐந்து மதிப்பெண்ணுக்கு. சந்தியா மீதி –4 என்று எழுதியதோடு நிற்கவில்லை. 'புத்தகத்தில் உள்ள விடை தவறு' என்று அடிக்கோடும் போட்டுவிட்டாள். விடைத்தாளைத் திருத்தியதும் பள்ளியில் அவள் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அன்று மாலை அப்பாவின் செல்போன் அடித்தது. சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். பேசியவர் அவர்தான், என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"வூட்ல எல்லாரும் கோவமா இருக்காங்க. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதுங்க."

போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். "தப்புதாங்க."

"கேட்டுச்சாக்கா?" என்றார் அவர். ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறார்.

கல்யாணம் நடந்தது. சந்தியா இப்போது ஓசூரில் இன்ஜினியர். போன மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என்னை அறிமுகம் செய்தாள்: "இவங்க எங்க அத்தை, கணக்கு டீச்சர். டவுட்டு எதுவும் கேட்டுறாதீங்க, புஸ்தகத்தையே மாத்தி அச்சடிக்க வேண்டியிருக்கும்."