கவனக் காப்பும் பத்து உறைகளும்

காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டி வளைந்துவிட்டது. தண்ணீருக்கு அல்ல. டாக்டரைப் பார்க்க அல்ல. கவனம் வாங்க!

மண்டப வாசலில் ஆள் உயரத் தட்டி வைத்திருந்தார்கள். ‘கவனம் சிதறுகிறதா? காப்பு அணியுங்கள்! இருபத்தொரு நொடியில் மனம் உங்கள் கைக்குள்!’ அந்த எழுத்துகளுக்கு மேலே, படத்தில், காப்பு விற்கும் ஒருமுகனார் அரைக்கண் மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். மிச்ச அரைக்கண் வரிசையின் நீளத்தை அளந்துகொண்டிருந்தது.

வரிசையில் யார்தான் இல்லை? பேருந்து ஓட்டுநர் இருந்தார். அவரைப் பார்த்ததும் அவருடைய வழக்கமான பயணிகள் இரண்டு பேர், “அண்ணே, நீங்க முன்னாடி போங்க” என்று இடம் விட்டார்கள். முடிதிருத்துபவர் இருந்தார். காதில் கட்டுப் போட்டிருந்த அவருடைய வாடிக்கையாளரே அவரைக் கையோடு அழைத்து வந்திருந்தார். தேர்வு எழுதும் மகனுக்காக வந்திருந்த ஒரு அம்மா, பாதி வரிசை நகர்ந்த பிறகுதான் மகனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததைக் கண்டுபிடித்தார்.

அந்த வரிசையில் லேபிள் அச்சகத்துக்காரர்கள் மொத்தமாக நின்றார்கள். முன்னால் முதலாளி. பின்னால் முப்பது பேர். அவர்களில் ஒருத்திதான் கண்ணாடியக்கா.

அச்சகத்தில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்காதான். தடித்த கண்ணாடி போட்டிருப்பாள், அதனால் அந்தப் பெயர். பதினேழு வருடங்களாகப் பிழை திருத்துகிறாள். மருந்துப் புட்டிகளுக்கும் மாத்திரைப் பெட்டிகளுக்கும் லேபிள் அடிக்கும் அச்சகம் அது. மருந்து கம்பெனி அனுப்பிய தாளின் மேல் இடக்கை விரல், அச்சான லேபிளின் மேல் வலக்கைப் பென்சில். இரண்டும் ஒரே வேகத்தில் நகர வேண்டும். சொல் சொல்லாக இல்லை, எழுத்து எழுத்தாக. ஒரு புள்ளி தவறினால் ஒருவருடைய வயிற்றில் போய் நிற்கும்.

போன மாதம் ஒன்று தவறிவிட்டது. குழந்தைகளின் இருமல் மருந்தில் ‘5 மி.லி.’ என்பது ‘50 மி.லி.’ ஆகியிருந்தது. நல்ல வேளையாக, மருந்துக் கடைக்காரர் பெட்டியைப் பிரித்தபோதே பார்த்துவிட்டார்.

“இன்னொரு தப்பு வந்துச்சு, வீட்டோட இருந்துக்க வேண்டியதுதான்” என்று முதலாளி சொன்னார். சொன்னது ஒலிபெருக்கியில். முதலாளிக்குத் தன் அறையை விட்டு இறங்கி வந்து பேசும் பழக்கமில்லை. ஒவ்வொரு மேஜைக்கு மேலும் ஒரு ஒலிபெருக்கி தொங்கும். போதாததற்கு எல்லோருடைய போனிலும் ‘உடனடி’ என்று ஒரு குழு. முதலாளி எதைப் போட்டாலும் ஒரு நிமிடத்துக்குள் ‘சரி சார்’ என்று பதில் போட வேண்டும். அவர் காலை வணக்கம் போட்டாலும் சரி சார். பூப்படம் போட்டாலும் சரி சார்.

இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்துவிட்டு, ‘என் ஆட்களுக்குக் கவனமே இல்லையே’ என்று மனம் நொந்துதான் முதலாளி அவர்களை ஒருமுகனாரிடம் அழைத்து வந்திருந்தார்.

கண்ணாடியக்காவின் முறை வந்தது. மேடையில் ஏறி நூறு பேருக்கு முன்னால் நின்றாள்.

“கையைப் பக்கவாட்டுல நீட்டும்மா. உன் போனை நினைச்சுக்கோ” என்றார் ஒருமுகனார்.

நினைத்தாள். இரண்டே விரலால் அவர் மணிக்கட்டை அழுத்தினார். கை பொத்தென்று விழுந்தது.

“பார்த்தீங்களா? கவனம் பூரா ஒழுகிப்போச்சு!”

கூட்டம் உச்சுக்கொட்டியது. சாம்பல் நிறத்தில் ஒரு உலோகக் காப்பை அவள் கையில் மாட்டினார். கண்ணை மூடி இருபத்தொன்று எண்ணினார். மறுபடி அழுத்தினார். இந்த முறை உள்ளங்கை முழுவதையும் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். கை அசையவில்லை!

மண்டபமே கை தட்டியது. கண்ணாடியக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளுடைய சொந்தக் கையே சாட்சி சொல்லும்போது அவள் வேறு யாரை நம்புவாள்?

“தினம் வேலை ஆரம்பிச்சதும் ஒரு மணி நேரம் காப்பு உடம்புல ஊறணும். அந்த நேரத்துல போனைத் தொடக் கூடாது. யார்கிட்டயும் பேசக் கூடாது. தொட்டா அதிர்வு கலைஞ்சுடும்” என்று சொல்லி அனுப்பினார்.

முப்பது பேருக்கும் காப்பு. காசு அவரவர் சம்பளத்தில் பிடித்தம். முதலாளியின் தாராள மனசு அது.

முதல் இரண்டு நாள் அச்சகத்தில் அதிசயம் நடந்தது. காலை ஒரு மணி நேரம் ஒலிபெருக்கி ஊமை, போன்கள் பைக்குள். எல்லோரும் அந்த நேரத்திலேயே முக்கால்வாசி வேலையை முடித்தார்கள். ஒரு பிழைகூட இல்லை. “காப்பு பேசுதுடா!” என்று ஒருவருக்கொருவர் மணிக்கட்டைக் காட்டிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் முதலாளிக்குக் கை அரித்தது. “இரண்டு நாளா ஊறினது போதும். காப்பு பார்த்துக்கும்” என்று ஒலிபெருக்கியை முடுக்கிவிட்டார்.

நான்காம் நாள் மருந்துக் கடைக்காரர், லேபிள் ஒட்டி அன்று காலையிலேயே கடைக்கு வந்திருந்த ஒரு பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு நேராக உள்ளே வந்தார். கண்ணாடியக்காவின் மேஜையில் இறக்கினார்.

“படிம்மா.”

படித்தாள். இரத்த அழுத்த மாத்திரை. ‘காலையில் ஆறு மாத்திரை’ என்று இருந்தது.

“கம்பெனி அனுப்பின தாள்ல என்ன இருக்கு?”

அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். “அரை… அரை மாத்திரை.”

“இதை நம்பி யாராவது முழுங்கியிருந்தா?”

அந்த வரியை எப்போது பார்த்தோம் என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒலிபெருக்கி அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்ட நேரம் அது. ‘உடனடி’யில் பதினான்கு ‘சரி சார்’ போட்ட நேரம். காப்பு அப்போதும் கையில்தான் இருந்தது.

முதலாளி ஒருமுகனாருக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் எல்லோரும் கேட்கும்படி பதில் வந்தது.

“காப்புல ஒரு குறையும் இல்லை. அந்தம்மா உள்ளுக்குள்ள சந்தேகப்படறாங்க. சந்தேகம் இருக்கிற கையில காப்பு வேலை செய்யாது. வெள்ளிக்கிழமை நானே வர்றேன், எல்லாருக்கும் இரட்டைக் காப்பு போட்டுடலாம்.”

அதுவரை சந்தேகமே படாத கண்ணாடியக்காவுக்கு அப்போதுதான் முதல் சந்தேகம் வந்தது.

வெள்ளிக்கிழமை வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் வரலாமா என்பதை வெள்ளிக்கிழமை சொல்வார்களாம்.

மறுநாள் நாத்தனார் வந்தாள். புருஷனின் தங்கை. ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

“என்ன அண்ணி, கையில விலங்கு?”

கண்ணாடியக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். “என் கையே நின்னுச்சுடி! நானே உணர்ந்தேன். அப்ப என்மேலதான் குறைன்னுதானே அர்த்தம்?”

“எழுந்து நில்லுங்க. கையை நீட்டுங்க” என்ற நாத்தனார், மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துச் சட்டென்று அழுத்தினாள். கை விழுந்தது. பிறகு அடுக்களையிலிருந்து டீ வடிகட்டியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தாள். “இதைப் பிடிச்சுக்கோங்க. மகா சக்தி வாய்ந்தது.” அழுத்தினாள். கை அசையவில்லை.

கண்ணாடியக்கா வடிகட்டியையே பார்த்தாள்.

“வடிகட்டிக்கு ஒண்ணுமில்லை அண்ணி. முதல்ல மணிக்கட்டுல, நீங்க எதிர்பாக்காதப்போ அழுத்தினேன். அப்புறம் முழங்கைகிட்ட அழுத்தினேன், அதுவும் நீங்க தயாரா விறைச்சுக்கிட்டு நிக்கும்போது. கதவைக் கைப்பிடிகிட்ட தள்ளினா லேசா திறக்கும். கீல்கிட்ட தள்ளிப் பாருங்க, அசையுதான்னு.”

கண்ணாடியக்கா எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தாள். இரண்டு இடத்திலும். பதினேழு வருடம் பிழை திருத்தியவள்; சொன்னதற்காக எதையும் ஒப்புக்கொள்கிற பழக்கம் அவளுக்கு இருந்திருக்கக் கூடாது. காப்பு விஷயத்தில் அந்தச் சரிபார்க்கும் புத்தி எங்கே போயிற்று என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“அவர் வேணும்னே ஏமாத்தறாரா, இல்ல அவரே நம்பறாரா?”

“அது நமக்கெதுக்கு? எது மருந்து, எது வெறும் மாவுன்னு கொடுக்கிறவங்களுக்கே தெரியாம கொடுத்துத்தான் ஒரு மருந்து பலிக்குதான்னு பார்ப்பாங்க. காப்பையும் வேற எதையாவதையும் தனித்தனி உறையில போட்டு ஒட்டிடுங்க. எந்த உறையில காப்பு இருக்குன்னு தெரியாம அவர் அழுத்தட்டும். அவ்வளவுதான்.”

வெள்ளிக்கிழமை அச்சகத்தில் நாற்காலிகள் போட்டு ஒருமுகனாரை உட்கார வைத்தார்கள். மருந்துக் கடைக்காரரும் வந்திருந்தார். இரட்டைக் காப்புகள் தட்டில் பளபளத்தன. முதல் ஆளாகக் கண்ணாடியக்காவைக் கூப்பிட்டார்கள்.

 அவள் பத்துத் தடித்த உறைகளை மேஜையில் வைத்தாள்.

“ஐயா, எனக்குச் சந்தேகம் இருக்கிறதாச் சொன்னீங்க. அதை நீங்களே தீர்த்து வச்சுடுங்க. அஞ்சு உறையில உங்க காப்பு. மத்த அஞ்சுல மெஷின்ல மாட்டுற இரும்பு வாஷர். போட்டு ஒட்டினது நம்ம அச்சு மெஷின் பார்க்கிற மெக்கானிக் அண்ணன். எதுல எதுன்னு எனக்கும் தெரியாது. ஒவ்வொண்ணா என் கையில கட்டறோம். நீங்க அழுத்திப் பார்த்துச் சொன்னாப் போதும்.”

ஒருமுகனாரின் அரைக்கண் முழுக்கண்ணாகத் திறந்தது.

“சோதனை பண்ற இடத்துல அதிர்வு தங்காதும்மா.”

“போன வாரம் மேடையில நீங்க பண்ணினதும் சோதனைதானே ஐயா?”

முதலாளி பதறினார். “ஏய், பெரியவங்ககிட்ட என்ன பேச்சு?”

“பேசட்டும் சார்” என்றார் மருந்துக் கடைக்காரர். “அரை ஆறாச்சுன்னா போறது என் வாடிக்கைக்காரங்க உயிரு. அழுத்துங்க ஐயா, இரண்டு விரல் வேலைதானே!”

இப்போது பின்வாங்கினால் முப்பது இரட்டைக் காப்பும் தட்டிலேயே தங்கிவிடும். ஒருமுகனார் எழுந்தார். அழுத்தினார். கடைக்காரர் பலகையில் எழுதிக்கொண்டே வந்தார். ஒன்று: காப்பு. இரண்டு: இல்லை. மூன்றாவதில் அவருக்கு உடம்பே சிலிர்த்தது. “ஆகா! என்ன சக்தி! தள்ளவே முடியலை, இதுதான் காப்பு!” நாற்காலியில் இருந்தவர்கள் கும்பிடாத குறை.

பத்தும் முடிந்தபின் உறைகளைக் கிழித்தார்கள். முதலாவதிலிருந்து வாஷர் விழுந்தது. இரண்டாவதிலிருந்து காப்பு விழுந்தது. உடம்பைச் சிலிர்க்க வைத்த மூன்றாவதிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு வாஷர் உருண்டு வந்து ஒருமுகனாரின் செருப்பில் மோதி நின்றது. பத்தில் அவர் சரியாகச் சொன்னது நான்கு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஐந்து தேறியிருக்கும்.

“இன்னொண்ணும் சொல்லணும்” என்றார் மெக்கானிக், தலையைச் சொறிந்துகொண்டு. “இது காப்பே இல்லைங்க. தண்ணிக் குழாயை இறுக்கிப் பிடிக்க மாட்டுற வளையம். நானே நூறு மாட்டியிருக்கேன். மெருகு போட்டதால முதல்ல அடையாளம் தெரியலை.”

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. ஒருமுகனார் சொன்ன அதிர்வு அந்த அச்சகத்தில் முதன்முதலாக அப்போதுதான் உண்டானது. அவர் தட்டைப் பையில் கவிழ்த்துக்கொண்டு, “இங்கே எதிர்மறை எண்ணம் ஜாஸ்தி” என்று முணுமுணுத்தபடி வாசலைப் பார்த்து நடந்தார். வாங்கின காசை வைத்துவிட்டுப் போகச் சொல்லி முப்பது பேர் கூடவே நடந்தார்கள். நேர்மறையாகத்தான்.

காசு திரும்பி வந்தபிறகு, லேபிள்களை வெட்டிக் கட்டும் பைண்டர் மெல்லக் கேட்டார். “ஆனா அக்கா, முதல் இரண்டு நாள் தப்பே வரலையே. அது எப்படி?”

“அதையும் பார்த்துடுவோம்” என்றாள் கண்ணாடியக்கா.

கடைக்காரர் இரண்டு லேபிள்களில் ஏழேழு பிழைகளை ஒளித்துக் கொடுத்தார். முதலாவதை அவள் காப்பு போட்டுக்கொண்டு, ஒலிபெருக்கியும் ‘உடனடி’யும் அலற அலறப் பார்த்தாள். நான்கு பிழைதான் சிக்கியது. பிறகு காப்பைக் கழற்றினாள். போனை இழுப்பறையில் போட்டாள். ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கினாள். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாவதைப் பார்த்தாள். எட்டுப் பிழை கண்டுபிடித்தாள். எட்டாவது, கடைக்காரரே தெரியாமல் செய்தது.

முதலாளி பிடுங்கிய கம்பியையும் லேபிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப தப்பு…”

“நீங்க கூப்பிடும்போதெல்லாம்தான் சார் வருது” என்றாள். இப்படிப் பேச எங்கிருந்து தைரியம் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. “காலையில இரண்டு மணி நேரம் எங்களை விட்டுடுங்க. அவசரம்னா இறங்கி வந்து சொல்லுங்க. நாலு படிதானே.”

முதலாளிக்கு முகம் கறுத்தது. அவளை வீட்டுக்கு அனுப்பினால், அரை ஆறான கதையை மருந்து கம்பெனிக்குத் தானும் எழுத வேண்டியிருக்கும் என்று கடைக்காரர் பொதுவாகச் சொல்லி வைத்தார். முதலாளி இருமினார். பிறகு, “சரி” என்றார். ‘சார்’ மட்டும்தான் பாக்கி.

எல்லோரும் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். பைண்டர் மட்டும் நின்றார். அவருக்கு மனசு ஆறவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“அக்கா, இது போலின்னு தெரிஞ்சுபோச்சு. சரி, அசல் காப்பு எங்கே கிடைக்கும்?”

கண்ணாடியக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“உங்க கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கு பாருங்க. இத்தனை வருஷமா யாரும் அதைத் தொடவே இல்லை போலிருக்கு, புதுசாவே இருக்கும். எடுத்துப் பயன்படுத்துங்க!”