மாமி தலையில் விழுந்த கொழுந்து

என் கைகள் என் பேச்சைக் கேட்பதில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், பக்கத்துச் சிங்கள வீட்டுக்கும் தெரியும், போன வாரம் மீன் கொண்டுவந்தவருக்கும் மாமி சொல்லிவிட்டார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொரை பங்களாவின் பூந்தோட்டத்தை வருஷத்தில் ஒரு நாள், சித்திரை லீவில், எல்லாருக்கும் திறந்துவிடுவார்கள். நான் பிறந்தது எதிர்மலை லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். நாலு வருஷம் கொழுந்து எடுத்ததும் அதே மலையில்தான். அங்கிருந்து பார்த்தால் பங்களாக் கூரையும், பக்கத்தில் ஒரு துண்டு சிவப்பும் தெரியும். அது என்ன பூ என்று தெரியாமலே நாலு வருஷம் ஏங்கியிருக்கிறேன்.

திறந்திருந்தாலும் லயத்து ஆட்கள் கூச்சத்தில் உள்ளே போவதில்லை. எனக்குப் போக ஒரு காரணம் கிடைத்தது. என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சிவா, எஹலியகொட டவுனில் துணிக்கடைக்காரர் மகன். அந்தக் கடைக்கு நூல் வாங்கப் போய்த்தான் பழக்கம். (வாரம் இரண்டு நூல்கண்டு வாங்கினேன். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.) அவருக்கு நான்தான் வேண்டும். அவர் அம்மாதான், அதாவது இந்த மாமிதான், பிடிகொடுக்கவில்லை. "லயத்துக்குப் போனா எல்லாரும் வேடிக்க பாப்பாங்க. பூந்தோட்டத்துலயே பொண்ணப் பாத்துருவோம்" என்று சொல்லி அனுப்பினார்.

என் அம்மா முந்தின நாளே ஆரம்பித்துவிட்டார்.

"மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறேன்னு வாயத் தொறந்துராத புள்ள. தையல் படிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்."

"சிவாவுக்குத் தெரியுமேம்மா."

"அவருக்குத் தெரிஞ்சா போதுமா? கடக்காரங்க, யோசிப்பாங்க. அந்த அம்மாவுக்குப் புடிக்கலன்னா அம்புட்டுதான்."

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. கேட்டுக்குள் கால் வைத்ததும் குளுகுளுவென்று இருந்தது. தேங்காய் மட்டையில் தொங்கிய ஆர்க்கிட், தட்டு அகலத்துக்கு அந்தூரியம், தாமரைக் குளம். அந்தச் சிவப்பு வேறொன்றுமில்லை, பட்டுப்போன மரத்தில் ஏறிப் படர்ந்திருந்த போகன்வில்லா. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதுகூட மறந்துபோனது.

அங்கேதான் வினை. குளத்தைத் தாண்டி ஓர் ஒற்றையடிப் பாதை, அதன் ஓரம் நெடுக இடுப்பளவு வேலிச்செடி. மேலே மட்டமாக வெட்டி, இளம்பச்சையாய்த் துளிர்த்து நின்றது. நான் முன்னால் நடந்தேன். சிவா செடிக்கு அந்தப் பக்கம் புல்லில் இறங்கி என்னோடு பேசிக்கொண்டே வந்தார். எனக்குப் பின்னால் அவர் அம்மா, அவருக்குப் பின்னால் என் அம்மா.

"பயமா இருக்கா?" என்றார் சிவா.

"சேச்சே, இல்லீங்க."

பொய் சொன்னேன். அப்புறம் அவர் கதை சொல்லச் சொல்லப் பேச்சு சூடுபிடித்தது. மலையில் எங்களுக்கு வாய் பேசினால்தான் கை ஓடும். கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் வீசுவோம், முதுகில் கூடை இருக்கும். அன்றைக்கு என் முதுகில் கூடை இல்லை.

சிவா திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பினேன். அவர் அம்மாவின் கொண்டையில் இலை, தோளில் இலை, மூக்குக்கண்ணாடி மேல் ஒரு மொட்டு. அவருக்குப் பின்னால் வேலிச்செடி பஸ் நீளத்துக்கு மொட்டையாய்க் கிடந்தது.

"அனே நங்கி! மொகத மே களே?" என்று தோட்டக்காரர் தலையில் கைவைத்து ஓடிவந்தார். என்னம்மா இப்படிப் பண்ணிவிட்டாய் என்று சிங்களத்தில் மனுஷன் அழாத குறை.

என் அம்மா என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "அது வந்துங்க... தையல் கிளாஸ்ல இப்புடித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

என் கல்யாணம் கண்ணெதிரே கவிழ்ந்தது. இனி என்ன மறைக்க? "தையல் பொய்ங்க மாமி. நான் மலைக்குப் போறவ" என்று சொல்லி, ஓவென்று அழுதேன்.

மாமி கொண்டையிலிருந்து ஒரு கொத்தை எடுத்தார். உள்ளங்கையில் பரப்பிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டு எல, ஒரு மொட்டு. ஒண்ணுகூட முத்தல் இல்ல."

மாமி அந்தக் கொத்தை என் கையில் வைத்தார்.

"எறக்குவானைல நானும் ஒம்போது வருஷம் கொழுந்து எடுத்தவதான். எங்க அம்மாவும் மாப்புள வீட்டுல தையல் படிச்சவன்னுதான் சொன்னுச்சு." சிவாவின் வாய் பிளந்தது. "வாய மூடுடா. ஒங்கப்பாவுக்கு மட்டுந்தான் தெரியும்."

"மொதக் கை விழுந்தப்பவே சொல்லியிருக்கலாமேங்க மாமி!" என்றேன்.

"என்ன வேகம் எடுக்குறன்னு பாத்தேன்" என்றார் மாமி. அப்புறம் தோட்டக்காரரிடம் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டு, மூன்று நிமிஷத்தில் அவரைச் சிரிக்க வைத்துவிட்டார்.

ஆவணியில் கல்யாணம். துணிக்கடை வீட்டில் இன்றைக்கும் பொத்தான் தைக்க வெளியே ஆள் தேடுகிறோம். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் மாமி சொல்வது ஒன்றுதான்: "எம் மருமகளுக்குப் பின்னால மட்டும் நடந்துராதீங்க."

சித்திரை வந்தால் அந்தப் பூந்தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போய்விடுவோம். வேலிச்செடியோரம் இப்போது ஒரு பலகை நட்டிருக்கிறார்கள், மூன்று மொழியிலும் "தொடாதீர்கள்" என்று. போன வருஷம் மாமியைப் பின்னால் வரவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பலகையைத் தாண்டினேன். சடக்கென்று ஒரு சத்தம். என் தலையில் ஏதோ விழுந்தது. தடவி எடுத்தால் கைநிறைய இளந்துளிர். திரும்பிப் பார்த்தேன், மாமி போகன்வில்லாவை ரசித்துக்கொண்டிருந்தார்.

அதில் இரண்டு முத்தல் இருந்தது. நான் சொல்லவில்லை. குடும்பம் நடத்த வேண்டாமா?